பெய்யாத மழைக்கு ஒடித்த தட்டு

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. பெற்று வளர்த்தது ஆறு, பெறாமல் வளர்த்தது இரண்டு. எட்டுப் பேரும் இன்றைக்கும் நான் வாசலில் செருமினால் உள்ளே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். பிறகு எதற்குப் பொய் என்று விட்டுவிட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

படித்தது இரண்டாம் கிளாஸ். அதற்குப் பிறகு பஸ் பலகையும் கல்யாணப் பத்திரிகையும்தான் என் புத்தகம். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. ஆகட்டும், பகலுக்கு என்ன பஞ்சம்.

என் வயதுக்காரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. போன வாரம் டிவியில் ஒரு பெண் வானிலைப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கோவை வட்டாரத்தில் பரவலாக மழை என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கோழி புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது. எங்கே பரவல், யார் காட்டில் பரவல் என்று நீங்கள் இருந்தால் என்னோடு சேர்ந்து கேட்டிருப்பீர்கள். மழை எல்லோருக்கும் பொது என்று பேசுகிறவர்கள் பொள்ளாச்சிக்கு மேற்கே பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

நான் பிறந்தது பல்லடத்துக்குக் கிழக்கே. என் அம்மா பிறந்தது ஆனைமலை அடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே எருது நடந்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குள் வானம் வேறு, மண் வேறு, மனிதர் தோல் வேறு. ஆனி பிறந்தால் அங்கே சாரல் இறங்கிவிடும். எங்களுக்கு அதே ஆனியில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, ஆவணி வரைக்கும் இரவு பகல் ஓயாது. கம்மங்களியில் மண், தண்ணீர்ப் பானையில் மண், தூங்கி எழுந்தால் பல்லிடுக்கில் மண். துணி உலர்த்தினால் இட்டேரி வண்டித்தடத்து வேலியில் போய்த்தான் பொறுக்கவேண்டும்.

காற்றுகூடப் பரவாயில்லை. மேகம்தான் என்னால் பொறுக்க முடியாதது. மேற்கேயிருந்து கருத்த மேகம் கூட்டம் கூட்டமாக வரும். எங்கள் வீட்டு உச்சிக்கு வரும். நின்று பார்க்குமா? பார்க்காது. கிழக்கே ஓடிவிடும். ஒன்பது வயதில் எனக்கு ஒரே கணக்குத்தான்: அந்த மேகம் மாமன் ஊரில் பெய்ய வேண்டியதையெல்லாம் பெய்துவிட்டு, எச்சில் தட்டைக் கழுவின மாதிரி எங்கள் பக்கம் வருகிறது. தின்றது யார்? மாமன் மகள்.

அவளும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். அவள் மூன்று மாதம் மூத்தவள். இந்த மூன்று மாதத்துக்காக, அவளை மரியாதையாகக் கூப்பிடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அம்மாவோ, மேல்காற்று வீசினால் முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்துவாள். "எங்கூர்ல இந்நேரம் பேஞ்சுட்டிருக்கும், மண்ணு வாசம் வருது பாரு" என்பாள். எனக்கு வந்தது சாணிப் புழுதி வாசம்தான். அம்மாவின் மூக்குகூட எங்கள் ஊரில் இல்லையே என்று நெஞ்சு எரியும்.

இப்போது தட்டு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு விளங்காது. சோளத்தட்டு உங்களுக்குத் தெரியும், மாட்டுக்குப் போடுவது. அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் உறவு வைத்திருந்த எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். மழை பெய்து விட்டதும் வாசல் உரலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒரு காய்ந்த சோளத்தட்டை நட்டுப் பார்ப்பது. நனைந்த அளவுக்கு அதை வெட்டி, உறவுக்கு அனுப்பி வைப்பது. எழுதத் தெரியாதவர்களுக்கு அதுதான் கடுதாசி. தட்டைக் கையில் வாங்கி விரல் வைத்து அளந்தால் அங்கே பெய்த மழை இங்கே தெரிந்துவிடும். நாலு விரக்கடை என்றால் புழுதி அடங்கின மழை. ஆறு விரக்கடை என்றால் ஏர் பூட்டலாம். ஒன்றுமே பெய்யாவிட்டால் ஒரு கணுவை மட்டும் நறுக்கி அனுப்புவது. நாங்கள் நலம், மழை இல்லை என்று அர்த்தம்.

மாமன் ஊரிலிருந்து திருப்பூருக்குத் தேங்காயும் வெல்லமும் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். வாரம் ஒரு தரம் போகும்போதும் வரும்போதும் எங்கள் தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். போகும்போது மாமன் வீட்டுத் தட்டைக் கொடுப்பார். திரும்பும்போது எங்கள் வீட்டு மூட்டையை வாங்கிப் போவார். மூட்டையில் மோர்மிளகாயோ கம்போ, அதற்குள் தட்டு.

அவர்கள் வீட்டுத் தட்டு சாண் நீளம் வரும், சில வாரம் சாணுக்கு மேலும் வரும். எங்கள் வீட்டிலிருந்து வாராவாரம் ஒரு கணு. என் சுண்டு விரல் நகம் அகலம். அதை அவள் கையில் வைத்துப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைப்பேன். சிரித்தாளோ இல்லையோ, எனக்கு அவள் சிரிப்புக் கேட்கும்.

நான் சொல்ல வந்த வருஷம், ஜப்பான்காரன் சண்டைக்கு ஆறேழு வருஷம் முந்தியது. கோயமுத்தூர் மில்லுக்கெல்லாம் பைக்காராக் கரண்டு வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குக் கரண்டும் இல்லை, மழையும் இல்லை. முந்தின ஐப்பசி பொய்த்தது. சித்திரையில் ஒரு கோடை மழைகூட இறங்கவில்லை. கிணற்றில் வாளி தரை தட்டியது. தட்டுப்போர் இருந்த இடத்தில் அடிக்கல் தெரிந்தது.

எங்களுக்கு ஒரு ஜோடி எருது. இரண்டும் சாம்பல் நிற மயிலை. ஏரில் வலப்பக்கம் பூட்டுவது வலத்தன், இடப்பக்கம் பூட்டுவது இடத்தன். வலத்தன் முரடு, யாரையும் அண்டவிடாது. இடத்தன் என் மாடு. என் மாடு என்றால் அய்யன் எழுதிக்கொடுத்ததல்ல. அய்யன் என்றால் அப்பா, எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கன்றாக இருந்தபோது நான்தான் அதற்கு வெள்வேலங்காய் பொறுக்கிப் போட்டு வளர்த்தேன். என் தலைமுடியை நக்கும். அதன் நாக்கு அரம் மாதிரி இருக்கும். மூச்சில் புளித்த கூழ் வாசம் அடிக்கும். இப்போதும் எனக்கு அந்த வாசம் வரும், சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது.

வைகாசிக் கடைசியில் அம்மா சொன்னாள். "ஏனுங்க, எங்கண்ணனூட்டுக்கு ஓட்டியுட்டுட்டா என்னுங்க? அங்க புல்லு மொழங்கால் ஒசரம் நிக்குமுங்க."

அய்யன் மூன்று நாள் பேசவில்லை. மாமியார் வீட்டுத் தீனியில் மாடு வளர்ப்பதா என்ற ரோசம். நாலாம் நாள் பண்ணையத்து ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மாமனிடம் சொல்லச் சொன்னது இதுதான்: ஐப்பசி மழைக்கு உரலில் ஆறு விரக்கடை நின்றால் தட்டு வரும். தட்டைப் பார்த்த அன்றைக்கே எருதை ஓட்டி அனுப்ப வேண்டும். எங்கள் செம்மண்ணில் ஈரம் ஏழெட்டு நாள்தான் நிற்கும். யோசித்துக்கொண்டிருந்தால் விதைப்பு போய்விடும்.

எருது போன பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு சூடு விழுந்தது. வண்டிக்காரர் நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது.

"அம்மணி, உங்க எருது அங்க ராசாவாட்டம் இருக்குதுங்க. மாமம் மக கையில புல்லு குடுத்தாத்தான் திங்குது. கழுத்துல சங்கு கட்டியுட்டிருக்குது அந்தப் புள்ள."

"எந்த எருது?"

"சாதுவா இருக்குமே, எடத்தன்."

அடுத்த வாரம், "பேரு சொல்லிக் கூப்புட்டா வருதுங்க" என்றார்.

"என்ன பேரு?"

"அதென்னமோ மல்லின்னு கூப்புடுது."

இடத்தனுக்கு மல்லியா! ஆண் எருதுக்கு! அன்றைக்கு நான் கூழ் குடிக்கவில்லை. என் மாடு, என் மேகம், என் அம்மாவின் மூக்கு எல்லாம் அவளுக்கு. எனக்குப் பல்லிடுக்கில் மண்.

ஆடி நடுவில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் ஊரில் நாலு துளி விழுந்தது. நாலு துளி என்றால் எண்ணக்கூடிய நாலு துளி. புழுதியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது, அவ்வளவுதான். மறுநாள் வண்டிக்காரர் திரும்பி வரும் நாள். அய்யன் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார். அம்மா மூட்டையில் மோர்மிளகாயைக் கொட்டி, ஒரு கணுவை உள்ளே போட்டுவிட்டு, "கட்டிக் குடுத்துரு கண்ணு" என்று அவசரமாக மாவரைக்கப் போனாள்.

நான் மூட்டையை மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் கொண்டுபோனேன். கணுவை எடுத்து எறிந்தேன். கூரையிலிருந்து ஒரு தட்டை உருவி, முந்தின வாரம் அவள் அனுப்பியதற்கு மேலே இரண்டு விரல் வைத்து, பல்லால் கடித்து ஒடித்தேன். ஒரு சாணுக்கும் அதிகம். உள்ளே திணித்துக் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. யார் வீட்டு மூட்டையையும் அவர் பிரித்ததில்லை.

அவள் வாயை அடைக்கத்தான் அப்படிச் செய்தேன், தட்டைக் கண்டால் எருது திரும்பி வந்துவிடும் என்பது ஞாபகத்திலேயே இல்லை, குழந்தைதானே என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஞாபகத்தில் இருந்தது. நன்றாக இருந்தது. இடத்தன் அவள் கையை விட்டு வரவேண்டும் என்றுதான் ஒடித்தேன்.

ஆறாம் நாள் வந்தார்கள். மாமனே வந்தார். எருதுகளைப் பண்ணையாள் ஓட்டி வர, பின்னால் வில்வண்டியில் மாமனும் ஒரு மூட்டை விதைச் சோளமும் மாமன் மகளும். ஊருக்குள் நுழையும்போதே மாமன் முகம் மாறிவிட்டது என்று பிறகு அம்மா சொன்னாள். வண்டி வந்த வழியெல்லாம் புழுதி. மாமன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் எங்கள் காட்டைத் தோண்டிப் பார்த்தார். உள்ளங்கையில் அள்ளினார். மண் காற்றில் பறந்தது.

"என்னுங்க மாப்ள, மழையெங்கீங்க?"

"எந்த மழைங்க மச்சான்?"

மாமன் மடியிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார். அய்யன் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, கடகடவென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினை.

"ஆடி மாசத்துல எங்கூர்ல சாண் மழையா? கேக்கறவங்களுக்குப் புத்தி வேண்டாங்களா? எங்களுக்கு ஆடின்னா காத்துங்க. உங்க வானத்தயே கொண்டாந்து எங்க தலைக்கு மேல வெச்சுப் பாத்தா?"

"எனக்குப் புத்தியில்லீங்க. சொன்ன சொல்ல நம்பி, நனஞ்ச காட்ட அப்பிடியே போட்டுப்போட்டு, ரெண்டு நாளா வண்டி கட்டிட்டு வந்தவன் முட்டாளுங்க. தட்டு உங்கூட்டு மூட்டைக்குள்ளதான இருந்துச்சு?"

"நாங்க கணுத்தான் போட்டுவுட்டோம்."

"அப்ப நான் பொய் சொல்றனா? எம் புள்ள கையில பிரிச்சுதுங்க."

மாமன் மேல் தப்பில்லை. அவர் ஊரில் ஆடியில் சாண் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். எங்கள் ஊரில் பெய்தால் அதிசயம். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தவர்கள், ஆனால் இரண்டு வானம். இது அன்றைக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் இவரைப் பொய்யன் என்று நினைத்தார், இவர் அவரை மந்தன் என்று நினைத்தார். கடைசியில் மாமன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"விதைக்கு வழியில்லீன்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமுங்க. எந் தங்கச்சி ஊடு, நான் குடுக்கமாட்டேன்னா சொல்லுவேன்? எதுக்கு இந்தச் சூது?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, அப்பிடியெல்லாம் பேசாதீங்க" என்றாள். அய்யன் விதை மூட்டையைத் தூக்கி மாமன் வண்டியிலேயே திருப்பி வைத்தார். "இனி எம் மாடு எங் கட்டுத்தரையிலயே கெடக்கட்டும். தின்னாலும் சரி, தின்னாம செத்தாலும் சரி" என்றார்.

இவ்வளவும் நடக்கும்போது நான் இடத்தன் பக்கத்தில்தான் நின்றேன். கழுத்தில் அவள் கட்டின சங்கு. முதுகில் கை வைத்தேன். வழவழவென்று கொழுத்திருந்தது. பழைய வாசம் இல்லை, பச்சைப் புல் வாசம் வந்தது. அவள் எங்கிருந்தோ "மல்லி" என்றாள். காது திரும்பியது. என் கைக்குக் கீழேயே அதன் காது அவள் பக்கம் திரும்பியது.

மத்தியானம் பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கட்டுத்தரைக்குப் பின்னால் வெயிலில் நின்றோம். அவள் தன் பாவாடை ஓரத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"உங்கூர்ல துணி எப்பிடிக் காயுது! காலையில தொவச்சுது, முறுமுறுங்குது. எங்கூட்ல இருவது நாளா அடுப்புக்கு மேல கட்டித்தான் காய வெக்கறோம். பொகை நாத்தம். உப்பு தண்ணியாப் போயிருது. தீப்பெட்டி பத்தவே மாட்டேங்குது."

"ஓகோ" என்றேன்.

"எங்காலப் பாரு."

காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, சேற்றுப்புண் சிவந்திருந்தது. என் கால் பக்கத்தில் இருந்தது. குதிகாலில் காசு நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தோம். அவள் குனிந்து என் வெடிப்பைத் தொட்டாள்.

"வலிக்குமா?"

"இல்ல."

"எனக்கு அரிக்கும்."

அந்த நேரத்தில் நான் சிநேகமாகியிருக்கலாம். ஆகவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள், "அந்தத் தட்ட நீதான ஒடிச்ச?"

நான் தரையைக் காலால் கீறினேன்.

"உங்கய்யன் கத்தியில வெட்டுவாரு, முனை சாஞ்சிருக்கும். இது பல்லுல கடிச்சது. எனக்கு மூட்டையப் பிரிச்சப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் உங்கய்யங்கிட்டச் சொல்லுல?"

"உங்கூர்ல நெசமாவே மழை பேஞ்சு, நீ சந்தோசத்துல கடிச்சிட்டீன்னு நெனச்சேன்" என்றாள்.

அப்படித்தான் நினைத்திருக்கிறாள் பாருங்கள்.

"நீயே போயி உங்கய்யங்கிட்டச் சொல்லு. புள்ள பண்ணுன வேலைன்னா அவங்க சண்ட அத்துப்போயிரும். எருது எங்ககூட வந்துரும். மழை வந்தப்பொறவு நானே ஓட்டியுடச் சொல்றேன். இங்க திங்க ஒண்ணுமே இல்லியே. நான் சொல்லமாட்டேன், உன்ன அடிப்பாங்க. நீதான் சொல்லோணும்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு அறை விழும், இடத்தன் புல்லுக்குப் போய்விடும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழகான முகம், எண்ணெய்ப் பசையோடு, மண் படாத முகம். இவள் கையில் தின்பதைவிட என் கையில் பட்டினி கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் இப்படி நினைக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

மறுநாள் விடியலில் வண்டி பூட்டினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தாள். வண்டி இட்டேரி திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

அடுத்து வண்டிக்காரர் வந்தபோது அய்யன் தொட்டிக்குக் குறுக்கே நின்றார்.

"மூட்டையில கைய வெச்சது யாரு?"

"கட்டுனது கட்டுனபடியே குடுத்தனுங்க. நம்ம அம்மணி கையில வாங்குனனுங்க, அங்க அம்மணி கையில குடுத்தனுங்க. நடுவுல நான் பிரிக்கலீங்க."

"அப்ப ஒம்பது வயசுப் புள்ள மேல பழி போடறயா?"

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. மழை வருமா என்று மேகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வராது என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டுக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல் ஓட்டிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூட்டையைப் பிரிக்கிறவர் என்று பேர் பரவி, மற்ற வீடுகளும் அவரிடம் எதையும் கொடுப்பதை நிறுத்திவிட்டன. இருபது வருஷமாக ஒரு முடிச்சையும் அவிழ்க்காத மனிதர்.

தீனிக்கு நான் அலைந்தேன். யாரும் ஏவவில்லை. கிளுவை வேலியில் தழை ஒடித்தேன். வெள்வேல மரம் ஒவ்வொன்றின் கீழும் காய் பொறுக்கினேன். அய்யன் சப்பாத்திக்கள்ளியை நெருப்பில் காட்டி முள் பொசுக்கி நறுக்கிப் போட்டார். கூரைத் தட்டைக்கூட உருவிப் போட்டோம், பத்து வருஷப் புகை குடித்த தட்டு. வலத்தன் எதையும் கடித்துத் தின்றது. இடத்தன் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈரத்தில் ஊறின குளம்பு எங்கள் சரளையில் வெடித்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. ஆவணியில் விலா எலும்பை எண்ணலாம் போலானது. நான் தலையைக் கொண்டுபோய் நீட்டுவேன். நக்காது. நக்குவதற்கு வாயில் ஈரம் வேண்டுமே.

தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அய்யன் பக்கம் போவேன். சொன்னால் இடத்தன் யார் வீட்டுக்குப் போகும் என்று நினைப்பு வரும். திரும்பிவிடுவேன்.

புரட்டாசியில் அய்யன் இடத்தனைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனார். நொண்டி எருதை யார் வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. போகும்போது நான் அதன் கழுத்திலிருந்த சங்கை அறுத்து வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் அய்யன் தாம்புக்கயிறை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமலே வைத்துவிட்டார்.

ஐப்பசியில் மழை வந்தது. இந்தத் தரம் கிழக்கே கருத்தது. எங்கள் மழை எப்போதும் கிழக்கேயிருந்துதான் வரும். விடிய விடியப் பெய்தது. காலையில் உரலில் எட்டு விரக்கடை நின்றது. அய்யன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு செவலை எருதை இரவல் வாங்கி வலத்தனோடு பூட்டினார். உயரம் ஒத்துவரவில்லை. ஏர் ஒரு பக்கமாக இழுத்து, சால் கோணலாக விழுந்தது. நான் எட்டு விரக்கடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொடுத்தனுப்ப வண்டிக்காரர் இல்லை.

எனக்குத் தெரியாமல் நடந்ததை ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவர்கள் ஒருவாறு ராசியாகி, மாமன் மகள் கல்யாணத்துக்குப் போனோம். வாசலில் கால் கழுவும்போது முதலில் என் கண்ணில் பட்டது அவர்கள் உரல். தாழ்வாரத்து ஓட்டுக்கு நேர் கீழே கிடந்தது. கூரைத் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் ஒழுகும். அந்தச் சாண் நீளத் தட்டெல்லாம் பாதி ஓட்டுத் தண்ணீர்! கல்யாண வீட்டில் நான் தனியாக நின்று சிரித்தேன். யாரோ ஏன் என்று கேட்டார்கள், பல் கூசுகிறது என்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் கட்டுத்தரையைப் பார்த்துவிட்டேன். இடத்தன் நின்றது. மூப்பு வந்து, கொம்பு மழுங்கி, ஆனால் நான்கு காலிலும் நின்றது. அய்யன் சந்தையில் விற்ற சேதி தெரிந்து, மாமன் ஆளை அனுப்பி, வாங்கினவனிடமிருந்தே யாருக்கும் தெரியாமல் மீட்டிருக்கிறார். மகள் மூன்று நாள் சோறு தின்னாமல் அழுததால் வாங்கினாராம். நான் பக்கத்தில் போய்த் தலையை நீட்டினேன். முகர்ந்தது. யாரோ என்று விட்டுவிட்டது. கல்யாணப் பட்டோடு அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நல்லா இருக்குதல்ல?" என்றாள்.

"எளச்சுப் போச்சு" என்றேன்.

பொய். நன்றாகத்தான் இருந்தது. எருது பிழைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், அதனால் எழுதவில்லை. அவளால் பிழைத்ததே என்றுதான் பட்டது.

என் பேத்தி பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் காட்டினாள். காற்று மலையில் மோதி இந்தப் பக்கம் பெய்துவிடுமாம், அந்தப் பக்கம் காய்ந்த காற்றாக வருமாம். எங்கள் ஊருக்கு மழை மறைவுப் பகுதி என்று பேராம். இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மாமன் மகளை விட்டுவிட்டு மலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பேன். மலைக்கு என்ன, தாங்கும்.

வண்டிக்காரர் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அவர் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவர் அந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. இதை ஒரு மனிதரிடமாவது நேரில் சொல்ல வேண்டும்.

பேத்திக் கண்ணு, பேனாவை மூடிவிட்டேன், இங்கே வா. முதலிலிருந்து சத்தமாக வாசி. வேகமாக ஓடாதே. வண்டிக்காரர் என்னைப் பார்த்த இடம் வந்ததும் நிறுத்து. அந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்டுகிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் சொல், அடித்துவிடலாம்.